ஓ.கே.வின் பூர்வீகம்: ஒரு மதியச் சாப்பாட்டுப் பஞ்சாயத்து

கடலைமிட்டாய்:

இன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு அலுவலகத்தில் ஒரு சண்டை. ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துக் காட்டினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு நாள் முழுக்க யாரும் சாகவில்லை என்றால் முகாம் பலகையில் 'ஜீரோ கில்டு' என்று எழுதி வைப்பார்களாம். பூஜ்யத்தை ஓ என்று வாசித்து, கில்டுக்கு ஒரு கே போட்டு, அதுவே ஓ.கே. ஆகிவிட்டதாம். எங்கள் டீம் லீட் ஒப்புக்கொள்ளவில்லை. கிரேக்க மொழியில் 'ஓலா கலா' என்றால் எல்லாம் நலம், அதன் சுருக்கம்தான் இது என்கிறார். இன்னொருவர் அமெரிக்கப் பழங்குடிச் சொல் என்று அடித்துச் சொன்னார். ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. இதன் பூர்வீகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு நான் ஜெயிக்க வேண்டும்.

சொல்வேட்டை:

உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861இல். ஓ.கே. அச்சில் வந்தது 1839இல். பிள்ளை பிறந்து 22 வருடம் கழித்து அப்பா பிறந்தார் என்கிற கதை அது. முதலில் அதை ஓரங்கட்டிவிடுங்கள்.

1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட், இரண்டாம் பக்கம். ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். பாஸ்டனில் அப்போது மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்று ஒரு கேலிக்கூட்டம் இருந்தது. அவர்களுடைய நியூயார்க் பயணத்தைப் பற்றிப் பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகையோடு கிரீனுக்கு ஒரு சில்லறை வம்பு. அந்த வம்புப் பத்தியில் போகிற போக்கில் ஓ.கே. என்று போட்டு, அதன் அருகிலேயே 'ஆல் கரெக்ட்' என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

ஆல் கரெக்ட் என்றால் சுருக்கம் ஏ.சி. என்றுதானே வரவேண்டும்? அரைகுறையாக எழுதத் தெரிந்தவன் காதில் விழுந்தபடி எழுதினால் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஓ வரும், சி இருக்க வேண்டிய இடத்தில் கே வரும். 'ஓல் கொரெக்ட்'. அதன் சுருக்கம் ஓ.கே. எல்லாம் சரி என்று சொல்கிற வார்த்தையில் ஒரு எழுத்துகூடச் சரியில்லை என்பதுதான் ஜோக்.

கடலைமிட்டாய்:

நம்ப முடியவில்லை. உலகம் முழுக்கப் பேசுகிற வார்த்தை ஒரு எழுத்துப்பிழையா? அதுவும் வேண்டுமென்றே செய்த பிழையா? இதை எப்படி டீம் லீடிடம் சொல்வேன், கிரேக்கம் கேட்கவே கம்பீரமாக இருக்கிறது.

சொல்வேட்டை:

இது தனியாக வந்திருந்தால் நானும் நம்பமாட்டேன். அந்த 1838, 39 காலத்தில் பாஸ்டன் பத்திரிகைகளுக்குச் சுருக்கெழுத்துப் பித்து பிடித்திருந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகள் எல்.ஓ.எல். போடுவது மாதிரிதான். 'நோ கோ' என்பதற்கு என்.ஜி., 'ஸ்மால் பொட்டேட்டோஸ்' என்பதற்கு எஸ்.பி. (அற்ப விஷயம், அற்ப ஆசாமி என்று பொருள்), கடன்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவனுக்கு ஜி.டி., அதாவது டெக்சாஸ் போய்விட்டான். ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்ய ஓ.எஃப்.எம்., 'எங்கள் முதல்தர ஆட்கள்'.

அடுத்த படியாக, சுருக்கத்தையும் தப்பாக எழுதத் தொடங்கினார்கள். 'நோ யூஸ்' என்பதை 'க்நோ யூஸ்' என்று எழுதி கே.ஒய். ஆக்கினார்கள். ஆல் ரைட் என்பதை 'ஓல் ரைட்' என்று கோணலாக எழுதி ஓ.டபிள்யூ. ஆக்கினார்கள். ரைட்டுக்கு முன்னால் ஒரு வெட்டி டபிள்யூ போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓ.டபிள்யூ. ஓ.கே.வுக்கு அண்ணன் மாதிரி. பொருள் ஒன்று, கோணல் ஒன்று, ஊர் ஒன்று. ஓ.கே. தனித்த அதிசயம் இல்லை, பெரிய குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் செத்துப்போனதால் நமக்கு இது அநாதை போலத் தெரிகிறது.

மெரினாக்காற்று:

ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சில் முதலில் வந்த தேதிதான் சொல் பிறந்த தேதி என்று எப்படிச் சொல்ல முடியும்? மக்கள் வாயில் ஐம்பது வருடம் புழங்கிய பிறகுதான் பத்திரிகைக்காரன் கண்ணில் படும். சாக்டா பழங்குடி மொழியில் 'ஓக்கே' என்றால் அது அப்படித்தான் என்று பொருள் என்று படித்திருக்கிறேன். அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனே கோப்புகளில் ஓ.கே. என்று இரண்டு எழுத்தாகப் போடாமல் 'ஓக்கே' என்று முழுச் சொல்லாக எழுதியவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மனிதர், சும்மா எழுதியிருப்பாரா?

சொல்வேட்டை:

நல்ல கேள்வி, கோபமெல்லாம் இல்லை. வில்சன் எழுதினார், உண்மை. அவர் காலத்தில் அகராதிகளே சாக்டா என்றுதான் போட்டன. 1909 வெப்ஸ்டர் அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. அவர் அகராதியை நம்பினார், அகராதி யூகத்தை நம்பியது.

பேச்சு முந்தி, அச்சு பிந்தி என்பதும் பொதுவாகச் சரிதான். ஆனால் சாக்டா சொல் ஆங்கிலத்துக்கு வந்திருந்தால் சாக்டா மக்கள் வாழ்ந்த மிசிசிப்பிப் பக்கம், எல்லைப்புற வியாபாரிகள் எழுத்தில், ஒரே சொல்லாக முதலில் தலைகாட்ட வேண்டும். வந்ததோ வடகிழக்கு மூலையில் உள்ள பாஸ்டனில், நடுவில் புள்ளி வைத்த இரண்டு எழுத்தாக, என்.ஜி., எஸ்.பி. கூட்டத்தோடு. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே உரை எழுதி வைத்திருக்கிறார்கள். உரையாசிரியர் மூலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது நாம் ஏன் வேறு உரை தேட வேண்டும்?

இதையெல்லாம் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். எனக்கு அவரிடம் பிடித்தது அவருடைய பொறுமை. 1941இல் ஒரு கட்டுரை எழுதினார், அதில் ஓ.கே.யின் பிறப்பை 1840 தேர்தல் அரசியலில்தான் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். இருபது வருடத்துக்கு மேல் பழைய பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு, 1963, 64இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் தொடராக எழுதி, தன் பழைய முடிவையே ஒரு வருடம் பின்னால் தள்ளினார். அந்த 1839 சான்று அப்போதுதான் வெளியே வந்தது. கணினித் தேடல் இல்லாத காலம், கண்ணும் விரலும்தான்.

வைகைக்கரை:

யாருமே தமிழைச் சொல்லவில்லையே! ஓ என்றால் ஒப்புதல், கே என்றால் கேள். 'ஓ, கேட்டேன்' என்பதுதான் ஓ.கே. என்று ஒரு யூடியூப் காணொளியில் ஒருவர் விளக்கினார். வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது எத்தனையோ.

யாழ்முற்றம்:

அண்ணா, அப்பிடிப் பார்த்தால் எங்களுக்கு உரிமை கூட. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆம் என்று சொல்வதில்லை, 'ஓம்' என்றுதான் சொல்லுவோம். ஓமும் கேயும் சேர்ந்து ஓ.கே. வந்தது என்று நானும் ஒரு காணொளி போடலாம். ஆனால் பாஸ்டன்காரன் ஏன் பக்கத்தில் 'ஆல் கரெக்ட்' என்று எழுதினவன் என்ற கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

சொல்வேட்டை:

யாழ்முற்றம், முடித்துவிட்டீர்கள். வைகைக்கரை அண்ணே, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை இருக்கத்தான் செய்கின்றன. கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணி சூப்பாகவே போயிருக்கிறது. அவற்றுக்கெல்லாம் வழித்தடம் இருக்கிறது: எந்தக் கரையில் ஏறியது, எந்த நாட்டான் எழுதினான் என்று காட்ட முடியும்.

இதில் 'கேஷ்' ஒரு அழகான எச்சரிக்கை. நம் காசுதான் கேஷ் என்று நாம் எல்லோரும் மேடையில் கேட்டிருக்கிறோம். பாதி உண்மை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பணம், ரொக்கம் என்கிற கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பணப்பெட்டி, அப்புறம் பணம். இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்துக்கு ஐரோப்பிய வியாபாரிகள் சொன்ன கேஷ் வேறு. அதுதான் நம் காசு, போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போனது. ஒரே எழுத்து, ஒரே ஓசை, இரண்டு குலம். உண்மையான தமிழ்ச் சொல் இருக்கும் இடத்திலேயே இவ்வளவு கவனம் தேவைப்படும்போது, ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு ஓ.கே.வுக்கு உரிமை கேட்க முடியாது.

ஓசை ஒற்றுமை எங்கேயும் கிடைக்கும். கொரிய நாடகம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அவர்களும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்காகச் சியோலில் நமக்குப் பட்டா கிடைக்காது.

வைகைக்கரை:

பட்டா கேட்கவில்லை தம்பி, சும்மா சொன்னேன். காசு விஷயம் எனக்குப் புதிது. அந்தக் காணொளியின் கீழே போய் எழுதிவிட்டு வருகிறேன்.

தந்திக்காரர்:

நான் தந்தித்துறையில் ஓய்வு பெற்றவன், வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் பயிற்சிக்கு வந்த சீனியர் ஒருவர் வேறு கதை சொல்வார்: 'ஓப்பன் கீ' என்பதன் சுருக்கம், தந்திக்காரர்கள் கொடுத்த வார்த்தை என்று. நாங்களும் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தோம். இந்த இழையைப் படித்ததும் கணக்குப் போட்டேன். மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு முதல் செய்தி அனுப்பியது 1844 மே மாதம். ஐந்து வருடம் பிந்திவிட்டோம்! எங்கள் கட்சி டெபாசிட் இழந்தது.

பெற்றது நாங்கள் இல்லை என்றாலும் வளர்த்ததில் எங்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கம்பியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கை வலிக்கும். செய்தி வந்து சேர்ந்தது, சரியாக இருக்கிறது என்று மறுமுனைக்குச் சொல்ல நீளமான வாக்கியம் தட்டிக்கொண்டிருக்க முடியாது. நாங்கள் பழகிய சர்வதேச மோர்ஸில் ஓ என்றால் கோடு, கோடு, கோடு. கே என்றால் கோடு, புள்ளி, கோடு. கேட்டால் யாரும் வேறொன்றாக நினைக்க மாட்டார்கள். அமெரிக்கர்களின் பழைய முறையில் ஓ இன்னும் சுருக்கம்: ஒரு புள்ளி, சின்ன இடைவெளி, ஒரு புள்ளி. ரயில்வேயும் தந்தியும் சேர்ந்தே போன நாடு அது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இந்த இரண்டெழுத்து ஓடியிருக்கும்.

இன்னொன்று. கே என்பதைத் தனியாகத் தட்டினால் எங்கள் பாஷையில் அது 'சரி' இல்லை. 'நான் முடித்துவிட்டேன், நீ அனுப்பு' என்று அர்த்தம். பேரன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒற்றை கே அனுப்பும்போதெல்லாம் நான் இன்னும் நாலு வரி எழுதுவேன். பிறகுதான் அவன் பேச்சை முடித்துக்கொண்டான் என்று மகள் சொன்னாள்.

2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடினார்கள். இந்தச் சொல் மட்டும் மூடவில்லை.

கடலைமிட்டாய்:

ஐயா, அந்தப் பேரன் கதைக்காகவே இந்த இழை தொடங்கியது வீண் போகவில்லை. 

ஆனால் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. ஓ.டபிள்யூ. செத்தது, கே.ஒய். செத்தது. ஓ.கே. மட்டும் தந்தி வரும்வரை ஐந்து வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது?

பழம்பத்திரிகை:

இந்த இடத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். தேர்தல்!

1840இல் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறை ஜனாதிபதியாகப் போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக். டச்சுக்காரர்கள் குடியேறிய ஊர். வான் பியூரனுக்கே தாய்மொழி டச்சுதான், ஆங்கிலம் பிறகு கற்றது. ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்றார்கள். கிண்டர்ஹூக் பெரியவர் என்று வைத்துக்கொள்ளலாம். முதலெழுத்துகளைப் பாருங்கள். ஓ.கே.! நியூயார்க்கில் அந்தக் கட்சித் தொண்டர்கள் ஓ.கே. கிளப் என்றே சங்கம் வைத்தார்கள். வான் பியூரன் என்றால் ஓ.கே., எல்லாம் சரி என்று இரட்டைப் பொருள். அந்த 1840 மார்ச் மாதக் கடைசியில் எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்துக்குள் ஓ.கே., ஓ.கே. என்று கத்திக்கொண்டே புகுந்து கலாட்டா செய்திருக்கிறார்கள். நமக்குப் புதுசா?

விக்குகள் சும்மா இருப்பார்களா? 1837இலிருந்து பொருளாதாரம் படுத்துக் கிடந்தது, வங்கிகள் மூடிக் கிடந்தன. அதே பிழை எழுத்து விளையாட்டை எடுத்துக்கொண்டு ஓ.கே. என்றால் 'அவுட் ஆஃப் கேஷ்' என்றார்கள், கேஷுக்கும் கே போட்டு. கையில் காசில்லை, கடன் கிடைக்கவில்லை, உடுத்தத் துணியில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

வான் பியூரனுக்கு முந்தைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், அவருடைய குரு. அவருக்கு எழுத்துப்பிழை பிரசித்தம். அந்தத் தேர்தல் சூட்டில் நியூயார்க் பத்திரிகை ஒன்று புளுகை அவிழ்த்துவிட்டது: கோப்புகளில் 'ஆல் கரெக்ட்' என்பதைத் தப்பாக எழுதி ஓ.கே. என்று சுருக்கியவரே ஜாக்சன்தான் என்று. இந்தப் புளுகு நூறு வருடம் உயிரோடு இருந்தது. டென்னஸியில் 1790ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவு ஒன்றில் ஜாக்சன் பெயருக்கு அருகில் ஓ.கே. இருக்கிறது என்று வேறு ஒரு வரலாற்றாளர் எழுதிவிட்டார். பிறகு நிதானமாக மூலத்தைப் பார்த்தவர்கள், அது ஓ.ஆர்., 'ஆர்டர் ரெக்கார்டட்', உத்தரவு பதிவானது என்று கண்டார்கள். கோணல் கையெழுத்தில் ஆர் கே மாதிரித் தெரிந்திருக்கிறது.

ஆக ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஒரு பாஸ்டன் ஜோக்குக்கு வேட்பாளர் கிடைத்தார், எதிரிகள் கிடைத்தார்கள், பொய் வரலாறும் கிடைத்தது. ஓ.டபிள்யூ.வுக்கு இதில் ஒன்றுகூட அமையவில்லை. தேர்தலில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் ஓட்டில் வான் பியூரனுக்கு 60, விக் கட்சி வேட்பாளர் ஹாரிசனுக்கு 234. ஆள் மண்ணைக் கவ்வினார். ஜெயித்த ஹாரிசனும் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்துவிட்டார் என்பது தனிச் சோகம்.

மெரினாக்காற்று:

சரி, சாக்டாவை நான் கைவிடுகிறேன். ஆனால் ஆப்பிரிக்க வாதத்தை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் 'வாவ்' என்றால் ஆம், 'வாவ் கே' என்றால் ஆமாம் ஆமாம் என்று அழுத்திச் சொல்வது. லண்டனைச் சேர்ந்த டேவிட் டால்பி என்ற மொழியியலாளர் 1969 வாக்கில் இதை முன்வைத்தார். 1816இல் ஜமைக்காவில் ஒரு கறுப்பின அடிமை 'ஓ கி' என்று சொன்னதாக எழுத்துப் பதிவு இருக்கிறது. அடிமைகளின் பேச்சைப் பாஸ்டன் பத்திரிகை அச்சடித்திருக்குமா? எழுதப் படிக்கவே அனுமதிக்காத மக்களிடம் அச்சுச் சான்று கேட்பது என்ன நியாயம்?

சொல்வேட்டை:

இந்தக் கேள்விக்கு முன்னால் என்னால் கெத்தாக நிற்க முடியாது. நீங்கள் சொல்வது முறை பற்றியது, அது நியாயம். அச்சு யார் கையில் இருந்ததோ அவர்களுடைய சொற்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களை ஆய்வாளர்கள் வெகுகாலம் கண்டுகொள்ளாமல் இருந்ததும் உண்மை.

ஆனாலும் இந்தச் சொல் விஷயத்தில் எனக்கு இடிக்கிறது. ஜமைக்கா 'ஓ கி' வியப்புச் சொல், ஐயய்யோ என்கிற மாதிரி, ஒப்புதல் இல்லை. 1839க்குப் பிறகு பாஸ்டனிலிருந்து நியூயார்க், அங்கிருந்து மற்ற ஊர்கள் என்று ஓ.கே. பரவியதைப் பத்திரிகை பத்திரிகையாகக் காட்ட முடிகிறது. தெற்கே தோட்டங்களிலிருந்து வடக்கே வந்ததாகக் காட்ட எதுவும் இல்லை. முறையில் அநியாயம் இருக்கிறது என்பதால் இந்தத் தீர்ப்பே தப்பு என்று ஆகாது.

மெரினாக்காற்று:

தீர்ப்பை ஏற்கிறேன், மேல்முறையீட்டு உரிமையை வைத்துக்கொள்கிறேன்.

கோடம்பாக்கம்வாசி:

பெரியவர்கள் நடுவில் ஒரு சின்ன விஷயம். எங்கள் தொழிலில் 'ஷாட் ஓகே' என்ற குரல் வந்தால்தான் எல்லோருக்கும் மூச்சு வரும். சரி என்று சொன்னால் யாரும் நகர மாட்டார்கள், 'சரி, இன்னொரு டேக்' என்று வரலாம். பொண்ணு பார்க்கப் போனாலும் 'ஓகே ஆயிடுச்சு' என்றால்தான் சம்பந்தம் முடிந்தது. ஓகேவா, ஓகேதான், ஓகே பண்ணிடு என்று நம் விகுதி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பூர்வீகம் பாஸ்டனாக இருக்கட்டும், ரேஷன் கார்டு இங்கேயும் இருக்கிறது.

ஒரு கேள்வி: ராக்கெட்காரர்கள் சொல்லும் 'ஏ ஓகே' எங்கிருந்து வந்தது?

பழம்பத்திரிகை:

1961 மே 5, ஆலன் ஷெப்பர்டு விண்வெளிக்குப் போன அன்று உலகத்துக்குத் தெரிய வந்தது. நாசாவின் செய்தித் தொடர்பாளர் ஜான் பவர்ஸ், ஷெப்பர்டு 'ஏ ஓகே' என்று சொன்னதாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். உரையாடல் பதிவைப் பார்த்தால் ஷெப்பர்டு அப்படிச் சொல்லவே இல்லை! ஜாக்சன் தலையில் கட்டின மாதிரியே இவர் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

கடலைமிட்டாய்:

நாளைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. இந்த இழையின் சுட்டியை டீம் லீடுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன். 'ஓலா கலா இல்லை சார், 1839 பாஸ்டன் எழுத்துப்பிழை' என்று ஒரு வரியும் சேர்த்து.

பதில் வந்தது. ஒற்றை எழுத்து. கே.

தந்திக்காரர் ஐயா, மேற்கொண்டு அனுப்பச் சொல்கிறாரா?

தந்திக்காரர்:

இல்லை தம்பி. அது என் பேரன் அனுப்புகிற கே. லைனை விட்டு இறங்கி வேலையைப் பார்.